"தி சேம்பிள்" என்று எழுதியதால் நான்கு நாள் போனது: எ, ஆன், தி எப்போது?

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருஷமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதே பாதி வேலை. என் ஆங்கிலம் மோசம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் போன வாரம் நடந்தது என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு ஸ்டைலுக்கு பிபி சேம்பிள் போக வேண்டியிருந்தது. உண்மையான துணி, பிரின்ட், பட்டன் எல்லாம் வைத்துத் தைத்து, கட்டிங் தொடங்கும் முன் ஒப்புதலுக்கு அனுப்பும் பீஸ் அது. பையர் அதற்காகத்தான் காத்திருந்தார். அன்றைக்கு நான் கூரியரில் போட்டதோ அதே பையரின் இன்னொரு ஸ்டைலுக்கு, அளவு சரியா என்று பார்ப்பதற்கான ஃபிட் சேம்பிள். அவசரத்தில் "வி ஹேவ் சென்ட் தி சேம்பிள் டுடே" என்று ஒரே வரி எழுதிவிட்டேன். பிபி கிளம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அங்கே அப்ரூவலுக்கு நாளே குறித்துவிட்டார்கள். பார்சலைப் பிரித்தால் வேறு பீஸ். நான்கு நாள் போனது.

மேனேஜர் திட்டவில்லை. "'எ சேம்பிள்'னு போட்டிருந்தா எந்த சேம்பிள்னு அவங்களே கேட்டிருப்பாங்க" என்று மட்டும் சொன்னார்.

பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: வவல் வந்தால் ஆன், மற்றதுக்கு எ, ஸ்பெஷலாக இருந்தால் தி. ஸ்பெஷல் என்றால் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எது வரும் என்று பட்டியல் இருந்தால் கொடுங்கள். மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

——

வங்கித்தேர்வு_மூன்றாம்முறை எழுதியது:

அண்ணா, நான் வங்கித் தேர்வுக்கும் எஸ்எஸ்சிக்கும் படிக்கிறேன். எரர் ஸ்பாட்டிங்ல இது அடிக்கடி வரும். எங்க கோச்சிங் நோட்ல இருக்கிறது: ஏ, இ, ஐ, ஓ, யு இந்த அஞ்சு எழுத்துல தொடங்கினா ஆன். சூரியன், சந்திரன், ஆறு, கடல், செய்தித்தாள், சூப்பர்லேட்டிவ் இதுக்கெல்லாம் தி. ஆளு பேரு, ஊரு பேரு, மொழி பேருக்கு ஒண்ணும் வேண்டாம். மிச்சத்துக்கு எ. நாப்பது விதி இருக்கு, போட்டோ எடுத்துப் போடவா?

——

பழைய கரும்பலகை எழுதியது:

தம்பி, முதல் விதியிலேயே மதிப்பெண் போய்விடும். ஐந்து எழுத்து என்று படித்தால் "யுனிவர்சிட்டி"க்கு ஆன் போடுவீர்கள், "ஹானஸ்ட்" என்று எழுத்தைப் பார்த்து எ போடுவீர்கள். இரண்டும் தவறு. எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் இதைத்தான் சொன்னேன். அதற்கு நான் கையாண்ட வழி தமிழ் இலக்கணம்தான்.

நமக்கு ஒரு, ஓர் இரண்டும் உண்டு. உயிரெழுத்துக்கு முன் ஓர், உயிர்மெய்க்கு முன் ஒரு. ஓர் ஊர், ஓர் ஆடு. ஒரு வீடு, ஒரு யானை. "ஓர் யானை" என்று எழுதினால் திருத்துவோம். ஏன்? யா உயிர்மெய். எ, ஆன் விஷயத்திலும் இதே கணக்குத்தான். ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிராக இருந்தால் ஆன், உயிர்மெய்யாக இருந்தால் எ.

யுனிவர்சிட்டி: "யு", உயிர்மெய், ஆகவே எ. யூரோப்பியன், யூனிஃபார்ம், யூஸ்ஃபுல் எல்லாம் அப்படியே. மணி என்ற பொருளில் வரும் "அவர்": எழுத்தில் எச் இருந்தாலும் ஒலி "அ", ஆகவே ஆன். ஆனஸ்ட், ஆனர், வாரிசு என்ற பொருளில் வரும் "ஏர்", மூன்றுக்கும் ஆன். அம்ப்ரெல்லாவுக்கும் ஆன், ஏனென்றால் அங்கே யு என்ற எழுத்து "அ" என்று ஒலிக்கிறது.

சுருக்கெழுத்துகளில்தான் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். எம்எல்ஏ, எம்பி, எஃப்ஐஆர், எக்ஸ்ரே, எஸ்எம்எஸ், என்ஆர்ஐ: எல்லாம் "எ" என்ற உயிர் ஒலியில் தொடங்குவதால் ஆன். யுபிஎஸ்சி எக்ஸாம் என்றால் எ. பிஏ டிகிரிக்கு எ, எம்ஏ டிகிரிக்கு ஆன்.

இரண்டு இடங்களில் நம் பழக்கம் ஏமாற்றும். பேச்சில் பலர் எம்எல்ஏவை "யெம்மெல்லே" என்கிறோம். அந்த ய் நாம் சேர்த்தது, ஆங்கிலத்தில் இல்லை. அதேபோல் எண் ஒன்றை "ஒன்" என்று எழுதினாலும் அது "வன்" என்றே ஒலிக்கும். ஆகவே ஒரு ரூபாய் நாணயம் "எ ஒன் ருப்பீ காயின்".

எ, ஆன் அவ்வளவுதான், அரை மணி நேரப் பாடம். தி கதை வேறு. அதற்கு என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

——

கடலோரம் எழுதியது:

கரும்பலகை சார், ஒரு, ஓர் ஒப்புமை அருமை. ஒரு சின்னச் செய்தி சேர்க்கிறேன். இரண்டு வடிவங்களில் மூத்தது ஆன்தான். பழைய ஆங்கிலத்தில் "ஒன்று" என்பதற்கான சொல்லே தேய்ந்து ஆன் ஆனது. பிறகு மெய்யொலிக்கு முன்னால் ன் உதிர்ந்து எ ஆனது. அந்த ன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மக்களுக்கே குழப்பம் வந்து சில சொற்கள் உருமாறியிருக்கின்றன. கிரிக்கெட் அம்பயர் ஒருகாலத்தில் ந் என்ற ஒலியில் தொடங்கிய சொல். "எ நம்பயர்" போல இருந்ததை "ஆன் அம்பயர்" என்று பிரித்துக் கேட்டார்கள். சமையலறையில் கட்டும் ஏப்ரனும் முன்பு நேப்ரன்தான். நிக்நேமில் நேர்மாறாக, ஆனின் ன் போய்ச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

இனி நொய்யல்கரை அண்ணாவுக்கு. நான் மொழியியல் படிக்கிறேன். தயவுசெய்து பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் மெயிலில் இருந்த சேம்பிள் எந்தப் பட்டியலிலும் வராது. அது எ சேம்பிளாகவும் இருக்கலாம், தி சேம்பிளாகவும் இருக்கலாம். பெயர்ச்சொல்லை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. படிக்கிறவர் மனசைப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்வது எது என்று அவருக்குத் தெரியுமா? "எந்த சேம்பிள்?" என்று அவர் கேட்க இடம் இருந்தால் எ. கேட்காமலே ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வார் என்றால் தி. உங்கள் பையர் கேட்கவே இல்லை, காத்திருந்த பிபியை எடுத்துக்கொண்டார். தி அவரிடம் சொன்னதே அதுதான்: "உங்களுக்குத் தெரிந்த அதே ஒன்று".

தமிழில் இந்த வித்தியாசமே இல்லை, அதனால்தான் நமக்குக் கஷ்டம் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்:

டீ குடிச்சியா?
டீயைக் குடிச்சியா?

முதலாவது வீட்டுக்கு வந்தவரைக் கேட்பது. இரண்டாவது, அம்மா மேசையில் வைத்துவிட்டுப் போன டீ ஆறுகிறதே, அதைப் பற்றிக் கேட்பது. ஆங்கிலத்தில் முதலாவது "டிட் யு ஹேவ் டீ?", இரண்டாவது "டிட் யு ட்ரிங்க் தி டீ?". நாம் தி செய்கிற வேலையை ஐ உருபிடம் கொடுத்திருக்கிறோம். "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் முன்பே பேசிவைத்த புத்தகம். பள்ளியில் இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று "பால் குடித்தான்" படித்தோமே, உருபு மறைந்து வருவதற்கும் வெளிப்பட்டு வருவதற்கும் பேச்சில் இப்படி ஒரு பொருள் வேறுபாடு இருக்கிறது.

அண்ணா, நீங்கள் அந்த வரியைத் தமிழில் சொல்லியிருந்தால் "சேம்பிள் அனுப்பிட்டோம்" என்றிருப்பீர்களா, "சேம்பிளை அனுப்பிட்டோம்" என்றிருப்பீர்களா?

——

நொய்யல்கரை எழுதியது:

"ஒரு சேம்பிள் அனுப்பியிருக்கோம்" என்றுதான் சொல்லியிருப்பேன். "சேம்பிளை அனுப்பிட்டோம்" என்று சொன்னால் எங்கள் மேனேஜரே பிபி போய்விட்டது என்று நினைத்திருப்பார். இருபது வருஷமாக வாயில் இருப்பதை இப்போதுதான் காதால் கேட்கிறேன். ரொம்ப நன்றிம்மா.

——

வடமராட்சி எழுதியது:

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்யிறன். கடலோரம் தங்கச்சி சொன்னது நல்ல விளக்கம். ஆனா இதை அப்பிடியே பிடிச்சுக்கொண்டு போனா ரெண்டு இடத்தில இடிக்கும்.

ஒண்டு, ஆக்கள். "நேற்று ஒரு பெடியனைச் சந்திச்சன்" எண்டு சொல்லேக்க ஐ இருக்கு, ஆனா அவன் ஆரெண்டு கேக்கிறவருக்குத் தெரியாது. இங்கிலீஷில "எ பாய்"தான். மனிசர் எண்டால் ஐ கட்டாயம் வரும், அதை வைச்சு முடிவெடுக்க ஏலாது. ரெண்டாவது, எழுவாய். "பஸ் வந்திட்டுது" எண்டதில ஐ வர இடமே இல்லை. பாத்துக்கொண்டு நிண்ட பஸ்ஸோ, ஏதோ ஒரு பஸ்ஸோ?

இன்னொண்டும் சொல்லவேணும். என்னட்டத் திருத்த வாற கட்டுரையளில கூடுதலாக் காணுற பிழை தி இல்லை, எ விடுபடுறதுதான். "அவர் டாக்டர்", "நான் டீச்சர்" எண்டு தமிழில "ஒரு" போடாமல் சொல்லுறம். அப்பிடியே "ஐ ஆம் டீச்சர்" எண்டு எழுதிப்போடினம். தொழிலைச் சொல்லேக்க இங்கிலீஷில எ இல்லாமல் நிக்காது.

——

கடலோரம் எழுதியது:

முழுக்கச் சரி அண்ணா. அஃறிணைச் செயப்படுபொருளுக்கு மட்டும்தான் ஐ சோதனை. மற்ற இடங்களுக்கு "எந்த?" என்ற கேள்வியே போதும். நீங்கள் சொன்ன பஸ்ஸையே எடுத்துக்கொண்டால், நிறுத்தத்தில் இருவர் சேர்ந்து காத்திருக்கும்போது ஒருவர் "பஸ் வந்திட்டுது" என்றால் மற்றவர் "எந்த பஸ்?" என்று கேட்கமாட்டார். "தி பஸ் இஸ் ஹியர்".

பாட்டி கதையிலும் இது இருக்கிறது. "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணு." முதல் முறை ஒரு, அடுத்த முறை அந்த. ஆங்கிலத்தில் முதலில் எ கிங், பிறகு தி கிங். வரலாற்றிலும் அப்படித்தான்: எ பிறந்தது "ஒன்று" என்ற சொல்லிலிருந்து, தி பிறந்தது சுட்டுச் சொல்லிலிருந்து. "தட்" அதன் உடன்பிறப்பு. ஆனால் தி சுட்டுவிரலை மடக்கிவிட்டது. எல்லா தி-க்கும் "அந்த" என்று மொழிபெயர்த்தால் தமிழ் கெட்டுவிடும்.

முதல் முறை சொல்லும்போதே தி வருகிற இடமும் உண்டு. "நேத்து கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாடு பிரமாதம்." எந்தச் சாப்பாடு என்று யாராவது கேட்பார்களா? கல்யாணம் என்றாலே சாப்பாடு உள்ளே இருக்கிறது. "ஐ வென்ட் டு எ வெட்டிங். தி ஃபுட் வாஸ் கிரேட்." நொய்யல்கரை அண்ணா, உங்கள் தொழிலில்: "வி ரிசீவ்ட் எ கார்ட்டன். தி லேபிள் வாஸ் டோர்ன்." கார்ட்டன் என்றால் லேபிள் இருக்கும், ஆகவே தி.

——

ஊசிநூல் எழுதியது:

நானும் திருப்பூர்தான், க்யூசி, அதாவது சரக்கோட தரம் பார்க்கிற வேலை. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதுறவங்க கவனிக்கணும்னு இதைச் சொல்றேன். "வி ஃபவுண்ட் ஃப்யூ டிஃபெக்ட்ஸ்" வேற, "வி ஃபவுண்ட் எ ஃப்யூ டிஃபெக்ட்ஸ்" வேற. முதல்ல சொன்னதுக்கு, குறை அதிகமில்ல, சரக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம். ரெண்டாவதுக்கு, சில குறைங்க இருக்கு, பாருங்கன்னு அர்த்தம். எ இருக்கா இல்லையாங்கிறதுல சரக்கு போகலாம், நிக்கலாம். லிட்டில், எ லிட்டில் ரெண்டுக்கும் இதே கதைதான்.

துணிக்கும் ஒண்ணு. "காட்டன் ஷ்ரிங்க்ஸ்"னா பருத்தி சுருங்கும், உலகத்துல எல்லாப் பருத்தியும். "தி காட்டன் ஷ்ரேங்க்"னா அந்த லாட் சுருங்கிடுச்சு. முதலாவது பொது அறிவு, ரெண்டாவது கம்ப்ளைன்ட்.

——

பழைய கரும்பலகை எழுதியது:

ஊசிநூல் சொன்ன பருத்தி உதாரணத்தைப் படித்ததும் நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லும் கதை நினைவுக்கு வந்தது. 1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் பேசிய வாக்கியம் ஒலிப்பதிவில் இப்படிக் கேட்கிறது: "தட்ஸ் ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், ஒன் ஜயண்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்." ஆர்ட்டிகிள், அதாவது எ, ஆன், தி, இல்லாமல் "மேன்" என்றால் மனித இனம். அப்படியானால் மனித இனத்துக்குச் சிறு அடி, மனித குலத்துக்குப் பெரும் பாய்ச்சல் என்றாகிறது; வாக்கியம் தன்னையே வெட்டிக்கொள்கிறது. "ஃபார் எ மேன்", ஒரு மனிதனுக்கு, என்றே தாம் சொல்ல நினைத்ததாக அவர் பின்னர் விளக்கினார். அந்த ஓரெழுத்தை அவர் சொன்னாரா, ஒலிபரப்பில் அமுங்கியதா என்று ஒலிப்பதிவை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. இதைச் சொன்ன நாளில் எந்த மாணவரும் ஆர்ட்டிகிளை அற்பம் என்று நினைத்ததில்லை.

——

கோர்ட்டுவாசல் எழுதியது:

வழக்கறிஞர் அலுவலகத்தில் வரைவு எழுதுகிறேன். எங்களுக்கு இது தினசரிக் கவலை. "எ டைரக்டர் ஷல் சைன்" என்றால் யாராவது ஓர் இயக்குநர் கையெழுத்திட்டால் போதும். "தி டைரக்டர்" என்றால் முன்பே குறிப்பிட்ட அந்த ஒருவர்தான் இட வேண்டும்.

இதைவிடப் பெரிய உதாரணம் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானம், 1967 நவம்பர் 22. அந்த ஆண்டுப் போரில் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிற வரியில், ஆங்கில வாசகம் "ஃப்ரம் டெரிட்டரீஸ்" என்றுதான் இருக்கிறது, "ஃப்ரம் தி டெரிட்டரீஸ்" என்று இல்லை. எல்லா நிலப்பகுதிகளுமா, சிலவா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. பிரெஞ்சு வாசகத்தில் "தே தெரித்துவார்" என்று ஆர்ட்டிகிள் சேர்ந்த வடிவம் வருவதால், அதுவே முழு விலகலுக்குச் சான்று என்று மறுதரப்பு காட்டுகிறது. ஒரு தி இல்லாததைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன.

——

வங்கித்தேர்வு_மூன்றாம்முறை எழுதியது:

இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் நாப்பது விதியைப் பாத்தா பாதி விதி ஒரே விதியாத் தெரியுது. சூரியன் ஒண்ணுதான், யாரும் எந்த சூரியன்னு கேக்க மாட்டாங்க. சூப்பர்லேட்டிவும் அப்படித்தான், உயரமானவர்ல முதல் ஆள் ஒருத்தர்தான். ஃபர்ஸ்ட், லாஸ்ட், ஒன்லி, சேம் எல்லாம் அப்படியே.

ஆனா ஊர், மலை, ஆறு பேர் மட்டும் இதுல அடங்கல. நீலகிரிக்குத் தி உண்டு, தொட்டபெட்டாவுக்கு இல்ல. ஏன்? அப்புறம் "இன் ஹாஸ்பிட்டல்", "இன் தி ஹாஸ்பிட்டல்" எது சரி? மாக் டெஸ்ட்ல ரெண்டுக்கும் மார்க் போச்சு.

——

பழைய கரும்பலகை எழுதியது:

இடப்பெயர் பெரும்பாலும் வழக்கு. சிறு ஒழுங்கு உண்டு. பன்மையில் சொல்லும் தொகுதிப் பெயர்களுக்கு தி: தி நீல்கிரிஸ், தி வெஸ்டர்ன் காட்ஸ், தி அந்தமான்ஸ், தி மால்தீவ்ஸ், தி பிலிப்பீன்ஸ். தனிச் சிகரத்துக்கு வேண்டாம்: தொட்டபெட்டா, ஆனைமுடி, எவரெஸ்ட். ஆற்றுக்கும் கடலுக்கும் உண்டு: தி வைகை, தி காவேரி, தி பே ஆஃப் பெங்கால். அண்ணா சாலைக்கு இல்லை. ஸ்டேட்ஸ், கிங்டம், ரிபப்ளிக் போன்ற பொதுச்சொல் உள்ளே இருந்தால் நாட்டுக்கும் தி வரும். உக்ரைனுக்கு முன்பு தி போடுவார்கள். 1991இல் தனி நாடான பிறகு அதை விட்டுவிட்டார்கள். தி போட்டால் ஒரு பெரிய நாட்டின் ஒரு பகுதி என்பதுபோல் ஒலிக்கிறது என்பது அவர்கள் மனத்தாங்கல், அது நியாயமானது.

மருத்துவமனை: நோயாளியாகப் படுத்திருந்தால் பிரிட்டிஷ் வழக்கில் "இன் ஹாஸ்பிட்டல்", அமெரிக்கர்கள் அதற்கும் "இன் தி ஹாஸ்பிட்டல்" என்பார்கள். பார்க்கப் போன உறவினருக்கு இரு வழக்கிலும் தி உண்டு. பள்ளியும் அப்படியே. மகள் படிக்கப் போவது "டு ஸ்கூல்". கட்டணம் கட்ட அப்பா போவது "டு தி ஸ்கூல்". அந்த இடத்துக்கு உரிய காரியத்துக்காகப் போனால் ஆர்ட்டிகிள் விழுந்துவிடும். வினாத்தாளில் யார் எதற்காகப் போகிறார் என்பதை முதலில் படியுங்கள் தம்பி.

இன்னொன்று, விட்டால் மனசு கேட்காது. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட்: இவை எண்ண முடியாதவை. "ஆன் அட்வைஸ்", "ஆன் இன்ஃபர்மேஷன்" கிடையாது. ஒன்று என்று சொல்லியே ஆக வேண்டுமானால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்".

——

நொய்யல்கரை எழுதியது:

இன்று காலை அனுப்பிய மெயிலை இங்கே போடுகிறேன், திருத்துங்கள்.

"வி ஆர் சென்டிங் எ ஃபிட் சேம்பிள் ஃபார் தி நியூ ஸ்டைல் டுடே. தி பிபி சேம்பிள் வில் லீவ் ஆன் ஃப்ரைடே. வி ஆர் வெயிட்டிங் ஃபார் தி அப்ரூவல் ஆன் லேப் டிப்."

ஃபிட் சேம்பிள் அவர்களுக்குப் புதுச் செய்தி, அதனால் எ. பிபி அவர்கள் காத்திருப்பது, அதனால் தி. இதுவரை தெளிவாக யோசித்துத்தான் போட்டேன். கடைசி வரியில்தான் தயங்கினேன். லேப் டிப் என்பது கலர் ஒப்புதலுக்காக அனுப்பும் துணித் துண்டு. அனுப்பியது ஒன்றே ஒன்றுதான், நேவி ப்ளூ.

——

கடலோரம் எழுதியது:

முதல் இரண்டு வரியில் கை வைக்க எதுவும் இல்லை அண்ணா. மூன்றாவதில் லேப் டிப்புக்கு முன் தி வேண்டும். அது அவர்கள் கையில் இருக்கிற துண்டு, எது என்று அவர்களுக்குத் தெரியும். தமிழில் "லேப் டிப்பைப் பாத்தீங்களா" என்றுதானே கேட்பீர்கள்? அப்ரூவலுக்கு தி தவறில்லை, ஆனால் யாருடைய ஒப்புதல் என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது: "யுவர் அப்ரூவல் ஆன் தி லேப் டிப்". யுவர், மை, எங்கள் என்ற பொருளில் வரும் அவர், திஸ் இவற்றில் ஒன்று வந்துவிட்டால் அந்த இடம் நிரம்பிவிடும், அதோடு எ, தி எதையும் சேர்க்காதீர்கள்.

——

நொய்யல்கரை எழுதியது:

மாற்றிவிட்டேன். லேப் டிப் இரண்டு கலரில் போயிருந்தால், ஒன்றுக்கு மட்டும் ஒப்புதல் வேண்டும் என்றால்?

——

ஊசிநூல் எழுதியது:

அப்போ தி மட்டும் பத்தாது, அவங்களுக்கு எதுன்னு தெரியாது. "தி நேவி லேப் டிப்"னு கலரையும் சேர்த்து எழுதுங்க. நாங்க அப்படித்தான் எழுதுறோம்.